முந்நூற்றுப் பன்னிரண்டு பச்சை

மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ஆப் எங்களுடையது. வெளியிடும் முன் அதைச் சோதிக்க இரண்டு பேர். அக்கா கையால் அழுத்திப் பார்ப்பார். நான், கம்ப்யூட்டரே தானாக அழுத்திப் பார்க்கும்படி கட்டளைகளை வரிவரியாக அடுக்கி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வேன். அக்கா என்னைவிட மூன்று வயது இளையவர். ஆபீஸே அப்படிக் கூப்பிடுவதால் எனக்கும் அக்கா.

என் ஸ்கிரிப்ட் தினம் முந்நூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட்களை ஓட்டும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. மூன்று வாரமாக ஒரே பச்சை. மேனேஜர் அதைச் சுவர் டிவியில் போட்டுவைத்தார். நானும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய், முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் அப்பன் மாதிரி நின்று பார்ப்பேன். மனிதக் கண் அசரும், ஸ்கிரிப்ட் அசராது என்று கூட்டத்தில் ஒரு தத்துவமும் உதிர்த்தேன். அது வீண்போகவில்லை. வெள்ளிக்கிழமையோடு அக்காவை நிறுத்திவிடலாம் என்று மேனேஜர் முடிவெடுத்தார்.

பச்சையின் ரகசியம் எனக்கு மட்டும் தெரியும். பட்டனை அழுத்தியதும் பதிவு ஆனதா என்று பார்க்கும் வரி ஒன்று ஸ்கிரிப்டில் இருந்தது; அது அடிக்கடி சிவப்பு காட்டி மானத்தை வாங்கியது. நாளைக்குச் சரிசெய்யலாம் என்று அதை அணைத்துவைத்தேன். அந்த நாளை இன்னும் விடியவில்லை. ஸ்கிரிப்ட் பட்டனை அழுத்தும். என்ன ஆயிற்று என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பச்சை காட்டிவிட்டுப் போகும். எழுதியவன் புத்தி எங்கே போகும்?

வியாழக்கிழமைக் கூட்டத்தில், பத்து முறை அழுத்தினால் மூன்று முறை பதிவே ஆகவில்லை என்றார் அக்கா. போன் பழசாக இருக்கும் என்ற மேனேஜர், என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். உங்களுக்குப் பச்சைதானே?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்காமல் இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன், நன்றாகவே சொல்லியிருப்பேன்.

"பச்சைதான் சார். ஆனா பாக்குற வரியை நான்தான் அணைச்சு வெச்சிருக்கேன்."

விளக்கச் சொன்னார். பத்து நிமிடம் விளக்கியும் அவருக்குப் புரியவில்லை.

"விடைத்தாளைப் பிரிக்காமலே எல்லாருக்கும் பாஸ் போட்டிருக்கார் சார்," என்று அக்கா முடித்துவைத்தார்.

வெளியீடு தள்ளிப்போனது. அக்காவின் வேலை தப்பியது. இனி என் ஸ்கிரிப்ட் எதைச் சோதிக்கிறது என்று அவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என உத்தரவு. திங்கட்கிழமை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அணைத்த வரியைத் திறந்து ஓட்டினேன். அறுபத்தொன்று சிவப்பு.

"ஒண்ணொண்ணா கையால பாத்துடுங்க," என்று தன் போனை நீட்டினார்.

இரண்டு வருடமாக நான் சோதித்துவரும் ஆப் அது. உள்ளே நுழைவது எப்படி என்று அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.