வேடிக்கை பார்த்ததற்கான சான்றிதழ்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் எதிர்வீட்டுத் தெய்வசிகாமணி அண்ணன் என் கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்கம்மா" என்றார்.

நான் பத்திர எழுத்தர். நெல்லித்தோப்பில் இருபத்தாறு வருடமாகக் கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதுகிறேன். கதை எழுதுவது பக்கத்தொழில். என் பத்திரங்களை யாரும் படிப்பதில்லை, ஆனால் கையெழுத்துப் போடுகிறார்கள். என் கதைகளைச் சிலர் படிக்கிறார்கள், ஆனால் எதற்கும் உத்தரவாதம் தரமாட்டேன் என்கிறார்கள்.

"என்னா சர்டிபிகேட்ணே?"

"உப்பங்கழி கொலக் கேசுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லன்னு. நான் சும்மா வேடிக்கை பாத்தவன்னு."

"அதுக்குப் பத்திரம் கிடையாதுண்ணே."

"பத்திரமா எழுதினா எவனும் படிக்க மாட்டான். கதையா எழுதுங்க. அச்சுல வரட்டும்."

இப்படியாக இலக்கியத்துக்கு என்னால் ஆன சேவை தொடங்கியது.

2

தொடக்கம் ஒன்று: "நோணாங்குப்பத்து உப்பங்கழியில் அன்று அலைகள் சீறி" [நிறுத்திவிட்டேன். உப்பங்கழியில் அலை ஏது. உள்ளூர்க்காரர் படித்தால் சிரிப்பார்.]

தொடக்கம் இரண்டு: "நாளது தேதியில் சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதலின்றியும்" [கைப்பழக்கம். மேலும் பிறர் தூண்டுதல் நிறையவே இருக்கிறது.]

தொடக்கம் மூன்று: "திடுக்கிடும் திருப்பம்" [இதை எழுதியவுடன் காதுக்குள் உடுக்கைச் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக எல்லாச் சேனல்களும் இந்த வழக்குக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைத்தான் போடுகின்றன.]

சரி, நேராகவே சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எழிலரசன் என்ற படகு ஓட்டும் பையன் கொலையானான். இருபத்தெட்டு வயது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு ரிசார்ட் முதலாளி. அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஐந்து வக்கீல் வைத்திருப்பவரின் பெயரை எழுதும் அளவுக்கு என் கதைக்குத் துணிச்சல் போதாது.

ஊரே வழக்கைப் பின்தொடர்ந்தது. டீக்கடையில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். ஒரு சேனல் அம்புக்குறி போட்டு வட்டம் போட்டுப் படகைக் காட்டியது. அது வேறு படகு. நானும் பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

3

இனி என் கதாநாயகன். மில் தொழிலாளி, மில் மூடிப்போனதிலிருந்து வீட்டில் இருக்கிறார். முதல் வாய்தாவிலிருந்து ஒன்றைக்கூட விடாமல் கோர்ட்டுக்குப் போகிறவர். தயிர்சாதம், தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு. அடுத்த வாய்தா தேதியைக் கேட்டு ஜூனியர் வக்கீல்களே அவருக்குப் போன் செய்வார்கள்.

இவர் ஏன் போகிறார்? மில் இல்லாத குறைக்குக் கோர்ட்டுக்குப் போகிறார் என்று எழுதினால் நீங்கள் உடனே தலையாட்டுவீர்கள். அவ்வளவு சுலபமாகத் தலையாட்ட வைக்கும் காரணங்களை நான் நம்புவதில்லை. அவரிடமே கேட்டேன்.

"அங்க ஃபேன் நல்லா சுத்துதும்மா" என்றார்.

[இப்படிப்பட்ட ஆளை வைத்து எப்படிக் கதை எழுதுவது?]

வினை ஒரு மைக்கில் வந்தது. பதினெட்டாவது வாய்தாவன்று கோர்ட் வாசலில் ஒரு யூடியூப் சேனல் பையன் நின்றான். "நீங்க யாரு சார்?" என்று கேட்டான். "சும்மா வந்தேன் தம்பி" என்றார் அண்ணன். மைக் வேறு பக்கம் போய்விட்டது. பதினெட்டு வாய்தாவாக நோட்டு எழுதியவருக்கு அது பொறுக்கவில்லை. "முதலாளி தரப்புல யாராவது பேசுறீங்களா?" என்று பையன் கூவினான். யாரும் வாய் திறக்கவில்லை. தெய்வசிகாமணி அண்ணன் முன்னால் வந்து, "நான் அவருக்குச் சித்தப்பா முறை" என்றார்.

நாற்பது நொடி பேசினார். சட்டம் தன் கடமையைச் செய்யும் என்றார். கீழே சிவப்பு எழுத்தில் 'கொலையாளியின் சித்தப்பா பரபரப்புப் பேட்டி' என்று ஓடியது. மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை மூன்று லட்சம் பேர் முன்னால் செய்தார்.*

* ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு வருசமா கேக்குறேன், ஒரு தடவயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சும்மா" என்றார்.

4

மூன்று லட்சத்தில் ஒருவர் கடலூர் ஜெயம் அம்மா. அவர் மகனுக்குத்தான் அண்ணனின் மகள் சரிதாவைப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பிள்ளையும் இரண்டு முறை பேசி, எல்லாம் கூடி வந்திருந்தது. ஜெயம் அம்மா போன் செய்தார்.

"பொண்ணு தங்கம். எங்களுக்கு ஒரு கொறயும் இல்ல. அப்பா சமாச்சாரம் மட்டும் எழுத்துல ஏதாச்சும் இருந்தா, எங்க சொந்தத்துக்குச் சொல்லிக்கலாம்."

நியாயமான கோரிக்கைதான். சிக்கல் என்னவென்றால், குற்றவாளி என்பதற்குக் காகிதம் உண்டு, சாட்சி என்பதற்குச் சம்மன் உண்டு, வேடிக்கை பார்த்தவனுக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் காகிதத்தின் மேல் எங்களுக்கு இருக்கும் பக்தி போகவில்லை. பக்கத்துத் தெரு ஜானகிராமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தான் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் சான்று அனுப்புகிறவர். அவர்தான் அண்ணனை ஏற்றிவிட்டார்.

"உயிரோட இருக்குறதுக்கே சர்டிபிகேட் இருக்குதுய்யா. வேடிக்கை பாத்ததுக்கு இல்லாம போவுமா? கோர்ட்டுலயே கேளு."

அண்ணன் போய்க் கேட்டார். கோர்ட்டில் கிளார்க் அருள்முருகன் பொறுமையான மனிதர்.

"வழக்குல சம்பந்தப்பட்டவங்களுக்குத்தான் நாங்க காகிதம் குடுக்க முடியும் பெரியவரே."

"எனக்குத்தான் சம்பந்தம் இல்லயே."

"அப்ப மனுவே போட முடியாது."

"மனு போட்டா?"

"உங்க பேரு கேஸ் கட்டுல ஏறிடும். அப்பறம் சம்பந்தம் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அதன்பிறகுதான் அண்ணன் என் கடைக்கு வந்தது.

5

மூலப் பத்திரம் பார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. "இவருக்கும் இவ்வழக்குக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை" என்று எழுதுவதற்கு முன்னால், இல்லைதானா என்று பார்க்க வேண்டும். ஒரு வாய்தாவன்று கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

முதலாளி பக்கம் வெள்ளைச் சட்டைகள் நிரம்பி வழிந்தன. எதிர்ப்பக்க பெஞ்சில் ஒரு பெண் மட்டும் இருந்தாள், பக்கத்தில் தெய்வசிகாமணி அண்ணன். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவு நன்றாகவும் சுற்றவில்லை.

அவள் எழிலரசனின் தங்கை ஆதிலட்சுமி. ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டுவிட்டு வருகிறாள். இடைவேளையில் நான் யார் என்று சொன்னதும் அவளே பேசினாள்.

"யூடியூப்ல பாத்துட்டு நான் பெஞ்ச மாத்தி உக்காந்துட்டேங்க்கா. பெரியவரு வந்து, 'பொய் சொல்லிட்டேம்மா, மைக்குக்காகச் சொன்னேன்'னாரு. அப்ப நீங்க யாருன்னு கேட்டேன். 'யாரும் இல்ல'ன்னாரு. யாரும் இல்லாதவரு இத்தினி வாய்தா வருவாரா?"

"நீ திரும்ப வந்து உக்காந்தியா?"

"வேற யாருக்கா இருக்கா எனக்கு? அதுக்கு முன்னாடி டாக்டரு சாட்சி சொன்னாரு இல்ல, எங்க அண்ணன் ஒடம்புல எங்கெங்க காயம்னு படிக்க ஆரம்பிச்சாரு. என்னால முடியல, வெளிய போயிட்டேன். இவருதான் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டாரு. 'யாராச்சும் கேக்கணும்ல'ன்னாரு. வந்து, 'ஒரே காயந்தாம்மா, புள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது'ன்னு சொன்னாரு."

[இங்கே நான் இரண்டு பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது என்று மட்டும் இருக்கட்டும்.]

வெளியே வரும்போது அருள்முருகனைப் பார்த்தேன். டாக்டர் அறிக்கையைப் பற்றிக் கேட்டேன். அவர் தயங்கி, "மேடம், காயம் ஒண்ணு இல்ல" என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக மூலப் பத்திரத்தைப் பார்க்க மறுத்தேன். இது அச்சில் வந்தால் ஆதிலட்சுமியும் படிப்பாள். ஆகவே வாசகர்களே, ஒரு காயம். நான் விசாரித்துவிட்டேன், ஒன்றுதான்.

6

தீர்ப்புத் தேதி திங்கட்கிழமை என்றார்கள். ஜெயம் அம்மா வீட்டார் தட்டோடு வருவதும் அதே திங்கட்கிழமை, ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள். நல்ல நேரம் பார்த்தவருக்குத் தீர்ப்பு தெரியாது, நீதிபதிக்கு நல்ல நேரம் தெரியாது. நான் கற்பனையாக எழுதியிருந்தால் இப்படி ஒரே நாளில் போட்டிருக்க மாட்டேன், மலிவான உத்தி.

நேற்று, சனிக்கிழமை, அண்ணன் வந்தார். ஒன்பதரைக்குள் போகாவிட்டால் கோர்ட்டுக்குள் இடம் கிடைக்காதாம்.

"தீர்ப்புல எல்லாத்தையும் திரும்பப் படிப்பாங்கம்மா. அந்தப் பொண்ணு வெளிய நிக்கணும். உள்ள யாராச்சும் இருக்கணும்."

"உங்க பொண்ணு வாழ்க்கைண்ணே. ஒரு மணி நேரம். வேற யாரையாவது அனுப்புங்க."

"யார அனுப்புறது? எல்லாரும் வேடிக்கை பாக்கத்தான வராங்க."

"நீங்களும் அதுக்குத்தானே போனீங்க."

"ஆமாம்மா. அதுக்குத்தான் போனேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நீங்க எழுதுனத அவங்களுக்குப் படிச்சுக் காமிங்க. நான் வந்துடுறேன்."

கவனியுங்கள். சம்பந்தம் இல்லை என்று படித்துக் காட்ட என்னை அனுப்பிவிட்டு, அந்த நேரத்தில் அவர் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பாராம். இப்படி ஒரு கட்சிக்காரரை எந்த வக்கீலும் ஏற்கமாட்டார்.

அவர் போனதும் சரிதா வந்தாள். ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருக்கிறாள். இரண்டு மாதமாக அங்கே அவளுக்குக் கொலைகாரன் வீட்டுப் பெண் என்று பெயர். அப்பாவோடு அவள் சரியாகப் பேசுவதில்லை.

"போவட்டும் அத்த. போவாதீங்கன்னு சொன்னா இங்க உக்காந்துனு கடிகாரத்தப் பாத்துனே இருப்பாரு, அது இன்னும் அசிங்கம்." புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். "எனக்கு அவரப் பிடிச்சிருக்கு அத்த, மாப்பிள்ளைய. பொய் எழுதாதீங்க. ஆனா கொஞ்சம் நல்லா எழுதுங்க."

என் எழுத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனம் வந்ததில்லை.

7

இதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். முடிவுகள் சிலவற்றை முயன்று பார்த்தேன்.

முடிவு அ: தீர்ப்பு வருகிறது, முதலாளிக்கு ஆயுள் தண்டனை, அண்ணன் ஓடி வருகிறார், நாதஸ்வரம். [உடுக்கைக்குப் பதில் நாதஸ்வரம், வேறு வித்தியாசம் இல்லை.]

முடிவு ஆ: முதலாளிக்கு விடுதலை, சம்பந்தமும் கலைகிறது. [இதை எழுதும்போது கையே நின்றுவிட்டது. ஆனால் நடக்கக்கூடியது.]

முடிவு இ: நான் தாளை மடித்து வைத்துவிட்டு, "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று [சரிதா பொய் வேண்டாம் என்றாள்.]

ஆக, நீங்கள். இவ்வளவு நேரம் 'நீங்கள்' என்று யாரிடமோ பேசிக்கொண்டு வந்தேனே, அது வேறு யாருமில்லை. ஜெயம் அம்மா, இதை உங்களுக்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நாலாம் பகுதியில் உங்களை முன்னால் வைத்துக்கொண்டே யாரோ போல எழுதியதற்கு மன்னிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை. நான் கணக்குப் போட்டது சரியென்றால், அண்ணன் வீட்டுக் கூடத்தில் நீங்கள் சோபாவில் இருப்பீர்கள், மாப்பிள்ளை உங்கள் வலப்பக்கம் போனைத் தொடாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருப்பார். சரிதா கதவோரம். வந்ததும் "சம்பந்தி எங்க?" என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இந்த ஏழு பகுதிகளும்.

நீங்கள் கேட்ட எழுத்து இதோ: தெய்வசிகாமணிக்கும் உப்பங்கழி வழக்குக்கும் சட்டப்படி யாதொரு சம்பந்தமும் இல்லை. இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன், முத்திரையும் வைப்பேன். சட்டத்தில் இல்லாத சம்பந்தத்தை ஐந்தாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். அதை வில்லங்கம் என்று எடுத்துக்கொள்வதா, பெண்ணுக்குப் போடும் நகையில் சேர்த்துக்கொள்வதா என்பது எனக்குத் தெரியாது.

இந்நேரம் அவர் அந்த பெஞ்சில் இருப்பார். வெளியே ஆதிலட்சுமி நின்றுகொண்டிருப்பாள். உள்ளே படிப்பார்கள், அவர் கேட்பார், வெளியே வந்து அவளிடம் காயம் ஒன்றுதான் என்று அதே கணக்கைச் சொல்வார்.

இங்கே கேசரியும் வடையும் வைத்திருக்கிறார்கள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது உங்கள் பக்கத்து வழக்கம், எங்களுக்கும் அதுதான். இத்தோடு என் தாள் தீர்ந்தது, கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். தட்டு உங்கள் முன்னால் இருக்கிறது அம்மா.