மலை தெரியும் இடம்

கொத்தனார் அய்யாவு பாச்சு சார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை அவர் கட்டிய வீடு இது. எந்த அறையின் எந்த மூலை அரை அங்குலம் கோணல் என்பது அவருக்கும் அவருடைய தூக்குக்குண்டுக்கும் மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட வீட்டின் அழைப்பு மணியை அழுத்த இன்றைக்குக் கை வரவில்லை.

மகள் அனுப்ரியா பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கூடப் படித்த அக்ஷதா மத்தியானம் வந்து, "நாளைக்கு இன்டர்வியூ, உனக்கும் லெட்டர் வந்துச்சுதானே?" என்று கேட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. விலாசத்தில் அனுப்ரியா குவாரிமேடு என்று எழுதவில்லை. ஹில் வியூ எக்ஸ்டென்ஷன் என்று எழுதியிருந்தாள்.

குவாரிமேடு என்பது பழைய கல்குவாரிப் பள்ளத்தின் விளிம்பில், மார்டள்ளி கிராமத்திலிருந்தும் அதன் சுற்றுப்பட்டிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள் போட்டுக்கொண்ட அறுபது வீடுகள். அதற்குக் கீழே ஏழெட்டு வருஷத்துக்கு முன் முளைத்தது ஹில் வியூ. நடுவில் ஒரு மண்பாதைதான். ஆனால் குவாரிமேடு என்று சொன்னால் கேட்பவரின் பார்வை முகத்தை விட்டுச் சட்டைக்கு இறங்கும். ஹில் வியூ என்றால் உட்கார நாற்காலி வரும். அனுப்ரியா இதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டவள்.

"ஏங் கண்ணு இப்பிடிப் பண்ணுன?"

"அந்தப் பேருக்கு அர்த்தமே மலை தெரியற எடம்னுதானப்பா. நம்ம வூட்டு வாசல்ல நின்னா சாமுண்டி மலை தெரியுது. அவங்களுக்கு எதிர்வூட்டுத் தண்ணி டேங்குதான் தெரியும். நான் பொய் எழுதலயே."

நியாயம் என்னவோ மகள் பக்கம்தான். ஆனால் ஒரு பேருக்கு என்ன அர்த்தம் என்று யார் பார்க்கிறார்கள்? அதை யார் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது என்பதைத்தானே பார்க்கிறார்கள்.

கதவு எண் இல்லாமல் ஹில் வியூவுக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டில் போட்டுவிடுவார். செயலாளர், ரயில்வேயில் ஓய்வுபெற்ற பாச்சு சார். நல்ல மனிதர்தான்.

"வாய்யா அய்யாவு. பாத்ரூம் ஓதம் பாக்க வந்தியா?"

"இல்லீங்க. எம்மக அனுப்ரியாவுக்கு லெட்டரு எதாச்சும் வந்துச்சுங்களா?"

சாரின் முகம் மாறியது. "அது உன் பொண்ணா?"

"ஆமாங்க."

"நம்ம லிஸ்ட்ல தேடினேன், அப்படி யாருமே இல்லை. இந்தப் பேர்ல இங்கே ஒருத்தரும் கிடையாதுன்னு கவர் மேலேயே எழுதித் திருப்பி அனுப்பிட்டேனேய்யா. ஆறு நாளாச்சு."

ஆறு நாளைக்கு முன் அய்யாவு இதே வீட்டுச் சமையலறையில் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கோபப்பட நேரமும் இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூங்க. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா உள்ள உடுவாங்க."

பாச்சு சார் சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தார். ஒரு கணம் யோசித்து அதை உள்ளே வைத்துவிட்டு, வெறும் வெள்ளைத்தாளை எடுத்தார். கடிதம் தன் கவனக்குறைவால் திரும்பிவிட்டது, இந்தப் பெண்ணைத் தயவுசெய்து அனுமதிக்கவும் என்று இங்கிலீஷில் எழுதித் தமிழில் படித்துக் காட்டினார்.

"அவ இங்க குடியிருக்கறான்னும் ஒரு வார்த்தைங்க."

பேனா நின்றது. "அது மட்டும் வேண்டாம்யா. அப்புறம் உங்க அறுபது வீடும் ரேஷன் கார்டுக்கு அட்ரஸ் கேட்டு இங்கே வந்து நிக்கும். கமிட்டியில என்னைத்தான் கேப்பா. பொண்ணுக்கு வேலை கிடைக்கணும், அதுதானே முக்கியம்?"

அதுதான் முக்கியம். அய்யாவு இரண்டு கையாலும் தாளை வாங்கிக்கொண்டார்.

காலையில் கம்பெனி வாசலில் அனுப்ரியா அதை இன்னொரு தடவை படித்தாள். "இதுல எந்த எடம்னே இல்லையேப்பா."

"கேட்டா நீயே சொல்லிக்க கண்ணு."

"என்னன்னு?"

அதற்குள் காவலாளி பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவள் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அய்யாவு எதிர்ப்புற மரத்தடியில் நின்றார். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டரைக்கு அக்ஷதா வெளியே வந்தாள். "அவளைத்தான் இன்னும் கேட்டுட்டே இருக்காங்க அங்கிள். கவர் ஏன் திரும்பி வந்துச்சுன்னு. மேஜை மேலயே வெச்சிருக்காங்க." அதைக் கேட்டதும் அவர் ரோட்டைக் கடந்து வாசலருகே போய் நின்றார். பெற்ற பிள்ளை உள்ளே தனியாக நிற்கிறது, தான் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமே என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் காவல் கூண்டில் டெலிபோன் அடித்தது. காவலாளி கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இவரைப் பார்த்துக் கன்னடத்தில் குரல் கொடுத்தான்.

"அனுப்ரியா அப்பா நீவேனா? மனெ எல்லி?"

வீடு எங்கே என்று உள்ளேயிருந்து கேட்கிறார்கள். அவள் சொன்னதும் இவர் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அய்யாவு மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார். எல்லாக் கண்ணாடியிலும் வெயில்தான் இருந்தது. எழுதினதையே அவள் சாதித்திருப்பாளா? இல்லை, உள்ளதைச் சொல்லியிருப்பாளா? காலையில் கேட்டாளே, அப்போது ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"ஏளி," என்று பதில் சொல்லச் சொல்லி அவசரப்படுத்தினான் காவலாளி.

"ஹில் வியூ," என்றார் அய்யாவு. அந்தப் பேரை அவர் தனக்கென்று சொல்வது அதுவே முதல் தடவை.

காவலாளி உடனே போனில் பேசவில்லை. அவன் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. அய்யாவு மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து, சிமெண்டு தின்று வெடித்த பாதங்கள் மறைகிற வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.