வல்லாஹி இல்லாத ஆட்டம்

ஜெஸீமா துண்டை உள்ளங்கைக்குள்ளேயே வைத்துப் பெருவிரலால் மெல்ல விரித்துப் பார்த்தாள். ‘ஊர்ச்சனம்’ என்றிருந்தது. அபாயா வெட்டுகிற அச்சுத்தாளில் கிழித்த துண்டு அது. மறுபக்கத்தில் யாரோ ஒருத்தியின் தோள் அளவு பென்சிலில் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வட்டமாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பெண்களில் உண்மையாகவே ஒன்றை ஒளித்து வைத்திருந்தது அவளும் பக்கத்தில் இருந்த அப்னாவும்தான். அவளுக்குப் போய் ஊர்ச்சனம்.

ஒலுவில் கடற்கரை. பகல் ளுஹர் தொழுது, சஹன் தட்டுக்கு ஆறு பேராகக் கூடியிருந்து பிரியாணி தின்று, கை கழுவி முடிந்த நேரம். கடல் அரித்த கரையில் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மக்கீன் ஹாஜியாரின் தையல் கடை வருஷத்தில் ஒருநாள் கல்முனையில் வாடகை வான் பிடித்து இப்படி எங்காவது வரும். சாப்பாடு ஹாஜியாரின் செலவு. அதில் குறை வைக்க மாட்டார். இறைச்சி கேட்டுக் கேட்டுப் போட்டார். வட்டத்தின் நடுவில் அவர் வாங்கி வைத்த பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் மூடி திறக்காமல் நின்றன. அந்த வெயிலிலும் ஒருத்தியும் கை வைக்கவில்லை. பழகிவிட்டது.

விளையாட்டைக் கொண்டு வந்தவன் ஹாஜியாரின் மகன் றிஸ்கான். கொழும்பில் படித்து முடித்து, போன மாதம்தான் கடைக்கு வந்து உட்கார்ந்தான். துண்டில் இரண்டு பேருக்குக் கள்ளன், மற்ற எல்லாரும் ஊர்ச்சனம். துண்டை யாருக்கும் காட்டக் கூடாது. அவன் ‘ராவாச்சு’ என்றால் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். கள்ளன்கள் இரண்டு பேரும் மட்டும் கண்ணைத் திறந்து ஓர் ஆளைக் காட்டுவார்கள். ‘விடிஞ்சிட்டு’ என்றதும் அந்த ஆள் முடிந்தது. பிறகு எல்லாரும் வாய்ச்சண்டை போட்டு யார் கள்ளன் என்று பிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் கை உயர்ந்தால் அந்த ஆளும் வெளியே.

“கள்ளன் காட்டின ஆள் மௌத்து. மௌத்தான ஆள் வாய் துறக்கேலா,” என்றான் றிஸ்கான்.

வட்டத்தில் வயதில் மூத்தவளான பரீனா ராத்தா பொறுக்கவில்லை. “சீ, மௌத்த வெச்சா வெளாடுற? வேற பேரு சொல்லு தம்பி.”

“சரி, அப்ப வீட்ட போன ஆள் எண்டு வெப்பம்.”

அப்படியே வைத்தார்கள். வீட்ட போனவர்கள் எழுந்துபோய்ச் சாய்ந்த தென்னையில் குந்த வேண்டும்.

முதல் ஆட்டம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பொழுது விடிந்ததும் பரீனா ராத்தா அப்னாவைப் பார்த்து, “நீயாகா கள்ளன்? இல்லாட்டி வல்லாஹி சொல்லு பாப்பம்,” என்றாள். அப்னா வாயைத் திறந்தாள். மூடினாள். காது இரண்டும் சிவந்து போயிற்று. அல்லாஹ்வின் பேரில் சத்தியம் பண்ணி எப்படிப் பொய் சொல்வது? பெண்கள் மணலில் உருண்டு சிரித்தார்கள். இரண்டாம் ஆட்டத்தில் அதே கேள்வி பரீனா ராத்தாவுக்கே திரும்பி வந்தது. அவளும் வாயைத் திறந்து மூடினாள். “எண்ட அல்லா, எனக்கேலா, நான்தான் கள்ளன், ஆள விடுங்க!”

றிஸ்கான் தலையில் கையை வைத்தான். “இது வெளாட்டு ராத்தா! பொய் சொன்னாத்தான் ஆட்டம் நடக்கும்!”

“பொய் சொல்லலாம் தம்பி. வல்லாஹி சொல்லேலா. வெளாட்டுக்கெண்டாலும் ஏலா.”

“அப்ப சட்டம். இனி ஆரும் வல்லாஹி கேக்கப்படா. சரியா?”

வட்டத்தில் இருந்த ஒரே இந்துப் பெண், காரைதீவு யசோதினி, சிரித்தாள். “எனக்கு நல்லம். நான் எவ்வளவு பொய்யும் சொல்லலாம்.”

கொஞ்சம் தள்ளி, நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஹாஜியார் கிடந்தார். உறங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தத் தொப்பி கொஞ்சம் நகர்ந்ததை ஜெஸீமா கண்டாள்.

மூன்றாம் ஆட்டத்துக்குத் துண்டு கொடுத்தான் றிஸ்கான். “ராவாச்சு. கண்ண மூடுங்க.”

ஜெஸீமா கண்ணை மூடினாள். இமைக்குள் வெயில் சிவப்பாக நின்றது. கடல் சத்தம். அப்னாவின் முழங்கை அவள் விலாவில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த முழங்கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வேலை நெருக்கத்தில், மிசினிலேயே சரிந்து விழுந்த பிள்ளையைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றியவள் அவள்தான். சலக்கடுப்பு முற்றி, காய்ச்சலாகி, ஐந்து நாள் வார்ட்டில் கிடந்தாள் அப்னா. தண்ணி குடிக்கிறேல்லையா என்று டொக்டர் ஏசினார். எப்படிக் குடிப்பது? கடைக்குப் பின்னால் இருக்கிற கக்கூஸ் எப்போதும் பூட்டியிருக்கும். அந்தப் பூட்டின் திறப்பு ஹாஜியாரின் மேசையில், ஒரு நூல்கட்டையில் கட்டிக் கிடக்கும். வேண்டுமென்றால் முன்கடைக்குப் போய், அளவு கொடுக்க வந்த சனத்துக்கும் அவர்களுடைய புருஷன்மாருக்கும் முன்னால் கேட்க வேண்டும். கேட்டால், “இப்பதானே போன?” என்பார். சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பன்னிரண்டு பேரும் காலையில் வீட்டில் குடித்த தேத்தண்ணியோடு பின்னேரம் வரைக்கும் தைத்தார்கள்.

வார்ட்டில்தான் கடிதம் பிறந்தது. ஜெஸீமா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் எழுத்து ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறும். அவள் சொல்லச் சொல்ல அப்னா எழுதினாள். வலது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்ததால் இடது கையால் எழுதினாள். தொழில் கந்தோருக்கு, பேரில்லாத மொட்டைக் கடிதம். “எழுதினது நீ எண்டு வெளிய வராது, அப்னா. அது எண்ட பொறுப்பு,” என்று ஜெஸீமா அந்தப் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்துச் சொன்னாள். அப்னாவின் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வருஷம். கடலுக்குப் போக வேறு ஆண் இல்லாத வீடு. ஹாஜியார் வேண்டாமென்று அனுப்பினால் அந்தப் பக்கத்தில் வேறொரு தையல் கடையும் எடுக்காது.

கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். அன்றைக்குத் திறப்பு கதவிலேயே தொங்கியது. உள்ளே புதுச் சவர்க்காரம் இருந்தது. அவர் போன பிறகு திறப்பு ஹாஜியாரின் ஜுப்பாப் பொக்கட்டுக்குள் ஏறிவிட்டது. எப்படிப் போனதோ, கடிதத்தின் ஒரு பிரதியும் அதே பொக்கட்டுக்குள் போயிருந்தது. ஹாஜியார் எல்லாருடைய எழுத்தையும் அளவுக் கொப்பிகளில் வைத்து ஒத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. இரண்டு கிழமையாக முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு திரிகிறார்.

“விடிஞ்சிட்டு,” என்று குரல் கேட்டது. றிஸ்கானின் குரல் இல்லை.

கண்ணைத் திறந்தார்கள். வட்டத்துக்குள்ளே கதிரையைப் போட்டு ஹாஜியார் உட்கார்ந்திருந்தார்.

“நல்ல வெளாட்டு,” என்றார். “நானும் கூடுறன். எனக்கும் ஒரு கள்ளன் பிடிக்க இரிக்கி.” பொக்கட்டிலிருந்து மடித்த கடதாசியை எடுத்து முழங்காலில் வைத்தார். “நான் ஆரையும் ஏச வரல்ல. ஒவ்வொருத்தரா ஒரு சொல்லுச் சொல்லுங்க. வல்லாஹி, இத நான் எழுதல்ல. அவ்வளவுதான். சொல்ல ஏலாத ஆள் வீட்ட போற.”

“வாப்பா, இது வெளாட...”

“நீ சும்மா இரி.”

பரீனா ராத்தா முதல் ஆளாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் தோள் இறங்கியது. அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவளும். உண்மையைச் சொல்வதற்கே குரல் நடுங்கியது அவர்களுக்கு. யசோதினியின் முறை வந்தது.

“நான் எப்பிடி ஹாஜியார் வல்லாஹி சொல்ற?”

“உண்ட சாமியச் சொல்லு.”

“கண்ணகை அம்மாளாணை, நான் எழுதல்ல.” ஒரு கணம் நிறுத்தினாள். “எழுதின ஆள் ஆரெண்டு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடுவன்.”

யாரோ சிரித்து, சிரிப்பை முந்தானைக்குள் விழுங்கினார்கள். ஹாஜியாரின் விரல் அடுத்த ஆளுக்கு நகர்ந்தது. அதற்கடுத்த ஆளுக்கு. இனி அப்னா.

அப்னாவின் உதடு காய்ந்திருந்தது. முழங்கை ஜெஸீமாவின் விலாவோடு ஒட்டி அழுந்தியது. எழுதவில்லை என்று அவள் சொல்ல முடியாது. எழுதியது அவளுடைய கை. வார்ட்டில் ஜெஸீமா யோசிக்காமல் விட்டது இதைத்தான். சட்டம் பேசுவார்கள், பொலிஸ் வரலாம், எழுத்தைப் பார்ப்பார்கள் என்றெல்லாம் யோசித்தாள். ஒரு சொல்லைக் கேட்டாலே போதும் என்று யோசிக்கவில்லை.

“ஹாஜியார்,” என்றாள் ஜெஸீமா. “வல்லாஹி கேக்கப்படா எண்டு சட்டம் போட்டிரிக்கி.”

“அது வெளாட்டுக்கு.”

“அப்ப இது வெளாட்டில்ல.”

“இல்ல.”

“வெளாட்டில்லாட்டி வட்டத்துக்குள்ள இரிக்கிற எல்லாருக்கும் ஒரே கேள்விதானே. நீங்களும் வட்டத்துக்குள்ளதான் கதிரையப் போட்டிரிக்கிங்க.” தன் குரல் இவ்வளவு அமைதியாக வருவது அவளுக்கே புதினமாக இருந்தது. “முதல்ல நீங்க சொல்லுங்க. அந்தக் கடுதாசில உள்ளது பொய்யெண்டு வல்லாஹி சொல்லுங்க. எல்லாம் வேணா. ஒரேயொரு வரி பொய்யெண்டு சொல்லுங்க. நானே எழும்பி வீட்ட போறன்.”

மக்கீன் ஹாஜியார் இரண்டு தரம் ஹஜ்ஜுக்குப் போனவர். ஐந்து வக்தும் முதல் வரிசையில் நிற்பவர். வாயைத் திறந்தார். “வல்...” என்பது வரைக்கும் வந்தது. மூடினார். காதுகள் சிவந்தன. பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு ஆட்டமாக அந்த முகத்தைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். இப்போது யாரும் மணலில் உருளவில்லை.

அவர் கடதாசியை மடித்தார். திரும்ப விரித்தார். “அப்ப நீதான்.”

“அதுல உள்ள ஒவ்வொரு சொல்லும் எண்ட வாயால வந்தது. வல்லாஹி.”

அப்னா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். ஹாஜியாருக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. “ஒம்பது வருஷம்! ஒம்பது வருஷம் எண்ட சோத்தத் திண்டிட்டு...”

“தைச்சித்தான் திண்ட, ஹாஜியார்.”

“எழும்பு. வீட்ட போ. நாளைக்கு கடப்பக்கம் வராத.”

ஜெஸீமாவின் முழங்கால் தானாகவே எழும்பப் பார்த்தது. ஒன்பது வருஷம் சொன்னதைக் கேட்ட முழங்கால். அதன்மேல் கையை ஊன்றி அமர்த்தினாள். பயம் இருந்தது. இல்லாமல் இல்லை. நாளைக்குக் காலையில் மகளுக்கு என்ன சொல்வது என்றும் ஓடியது. ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் உட்கார்ந்திருந்தது. அது எழும்ப மாட்டேன் என்றது.

“வீட்ட அனுப்புறதெண்டா கை தூக்கிப் பாக்கணும். பாதிக்கு மேல வேணும்,” என்றாள். “தம்பி, நீங்கதானே சட்டம் சொன்ன?”

றிஸ்கான் வாப்பாவைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். கையில் இருந்த துண்டுகளைப் பார்த்தான். “ஓம்,” என்றான் மெதுவாக. “பாதிக்கு மேல.”

ஹாஜியார் சிரித்தார். திறப்புக் கேட்டால் சிரிக்கிற அதே சிரிப்பு. “சரி. தூக்குங்க. நாளைக்கு எண்ட கடையில வேல வேணுமெண்டு நினைக்கிற ஆக்கள் கையத் தூக்குங்க.” தன் வலது கையை முதலில் உயர்த்திக் காட்டினார்.

அப்னாவின் கை மடியிலிருந்து எழும்பியது. அது எதைச் சொல்ல எழும்புகிறது என்று ஜெஸீமாவுக்குத் தெரியும். பட்டென்று பிடித்து மணலில் அழுத்தினாள். “வாய மூடிட்டு இரிகா,” என்றாள் பல்லுக்குள். பிறகு முன்னால் எட்டி ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். புது மூடி உடைகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. குடித்தாள். தொண்டை ஏறி இறங்க, மூச்சு விடாமல், கழுத்தில் வழிய வழியக் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டு, “இந்தா,” என்று அப்னாவின் வலது கையில் போத்தலைத் திணித்தாள்.

அப்னா குடித்தாள். கொஞ்சமாக அல்ல. அவள் தர, அடுத்தவள் வாங்கினாள், வாங்கியதும் ஹாஜியாரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே குடித்தாள். யசோதினி இன்னொரு போத்தலைத் திறந்தாள்.

“றிஸ்கான், எண்ணு,” என்றார் ஹாஜியார்.

றிஸ்கான் வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். “ஒண்டு,” என்றான்.

காற்று கடதாசியை முழங்காலிலிருந்து தூக்கி மணலில் போட்டது. குனிந்து எடுக்க வேண்டுமென்றால் ஹாஜியார் கையை இறக்க வேண்டும். இறக்கவில்லை. ஜுப்பாவின் கை முழங்கை வரைக்கும் சரிந்து கிடந்தது. பொக்கட்டில் நூல்கட்டை புடைத்துத் தெரிந்தது.

போத்தல் கடைசியாகப் பரீனா ராத்தாவிடம் வந்து நின்றது. பாதிக்குக் கீழே தண்ணீர் இருந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, உயர்ந்து நின்ற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைமுக்காட்டைச் சரிசெய்தாள். “பிஸ்மில்லாஹ்,” என்று முணுமுணுத்து, வலது கையால் போத்தலைத் தூக்கினாள். ஒலுவில் வெயில் அந்தத் தண்ணீருக்குள் புகுந்து, அவளுடைய முகத்தில் ஆடியது.