ஜாங்குகளின் புத்தகத்தில் ஒரு காலி இடம்

1

அன்று காலை முன்னோர் மண்டபத்து முற்றத்தில் இருந்தவர்கள்: ஜாங், ஜாங், இன்னொரு ஜாங், ஜாங் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த லூ, சமையலுக்கு வந்த லீ, ஒரு பழுப்பு நாய். நாய்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த வகையில் ஊரிலேயே அதுதான் கொடுத்துவைத்தது.

இது நான் பார்த்ததல்ல. பார்சல் பிரிக்கும் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த மியென், பெட்டிகளை வீசிக்கொண்டே சொன்னது. கதையாக எழுத நினைத்ததும் இந்தப் பட்டியலைத்தான் முதலில் எழுதினேன். இரண்டாவது வரிக்குள் எனக்கே யார் யாரென்று தெரியவில்லை. எனவே குடும்பப் பெயரை இங்கேயே கழற்றி வைத்துவிடுகிறேன். மியென், வயது இருபத்தொன்பது. சீயுவான், அவள் கல்யாணம் செய்துகொள்ள இருப்பவன். ஷாவ்குன், சீயுவானின் பெரியப்பா, அவன் ஊரின் வம்சப் புத்தகத்துக்குக் காவல். லூ அம்மா, சீயுவானைப் பெற்றவள். மற்றபடி லீயும் நாயும்.

2

முதல் வரிக்கு முயன்றவை:

"மலைகளுக்கு நடுவே ஜாங்ஜியாவான் என்றொரு ஊர்—" எந்த ஜாங்ஜியாவான்? எங்கள் கிடங்குக்கு அந்தப் பெயரில் பதினொரு ஊர்களுக்குப் பெட்டி வரும். ஜாங்குகள் எங்கே வீடு கட்டினாலும் அந்த இடத்துக்குத் தங்கள் பெயரையே வைத்துவிடுவார்கள்.

"காதல் என்பது—" வேண்டாம்.

"ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தவறான ஊருக்குப் போனது." இது தேவலை. பூட்ஸ் சீயுவானுடையது. ஜாங்ஜியாவான் என்று பார்த்ததும் மியெனின் கை பழக்கத்தில் அதே பெயருள்ள தன் ஊர் வண்டியில் போட்டுவிட்டது. அங்கேயும் ஒரு ஜாங் சீயுவான் இருந்தான். அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வயலுக்கே போய்விட்டான். சண்டை போட வந்த அசல் சீயுவான், மறுவாரம் சண்டையே இல்லாமல் வந்தான்.*

* ஆள் மாறிப்போனால் 'ஜாங் தொப்பி லீ தலையில்' என்பது இங்கே வழக்கு. சமையல்காரர் லீக்கு இது பிடிக்காது. "தொப்பி மாட்ட எங்க தலைதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

3

லூ அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஒரே குடும்பப் பேரா இருந்தா இருக்கட்டும், காலம் மாறிடுச்சு. ஒரே புத்தகத்துல இருந்தீங்கன்னா அது அண்ணன் தங்கச்சி கதை. நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்."

சட்டத்துக்கு இதெல்லாம் பொருட்டில்லை. ஆனால் அம்மா வராத கல்யாணத்தைச் செய்துகொள்ளும் துணிச்சல் சீயுவானுக்கு இல்லை. புத்தகத்தைப் பார்த்துவிடலாம் என்றால் அது வருடத்தில் ஒரே நாள்தான் திறக்கும். ஆறாம் மாதம், ஆறாம் தேதி, ஏடுகளை வெயிலில் காயப்போடும் நாள்.

மியெனுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அவள் ஊர் ஜாங்குகள் அவள் வீட்டாரைத் தங்கள் புத்தகத்தில் சேர்த்ததே இல்லை. ஏழு தலைமுறைக்கு முன் இரும்புச் சட்டி ஒன்றோடு எங்கிருந்தோ வந்த யூசுன் என்பவனின் வாரிசுகள் அவர்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஜாங்குகள். "நம்ம ஆளுங்க எங்கயாவது இருக்காங்களான்னு பாத்துட்டு வா" என்று அப்பா ஒரு தாளை மடித்துக் கொடுத்திருந்தார். யூசுன் சொல்லிவிட்டுப் போன தலைமுறைச் சொற்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு தலைமுறை ஆணின் பெயரிலும் வரவேண்டிய சொல், வரிசையாக.

4

(ஷாவ்குன்மேல் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவரைக் கொடுமைக்காரராக எழுதினேன். மியென் படித்துவிட்டு, "அவரு எனக்குப் பாதி தர்பூசணி வெட்டிக் குடுத்தாருய்யா" என்றாள். திருத்துகிறேன்.)

அந்த ஆறாம் தேதி காலை தர்பூசணியைக் கொடுத்துவிட்டுத்தான் ஷாவ்குன் அதட்டினார்.

"அந்தக் கிழக்கு நாற்காலியில உக்காராதம்மா. தலைமுறையில மூத்தவங்க உக்கார்ற இடம். என் தலைமுறைக்கு மேல ஊர்ல ஆளில்ல, அதனால நான்தான் உக்காரணும்."

மியென் எழுந்து நின்றாள். அவர் ஏடுகளைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"யூசுன். வெள்ள வருஷம் கிளம்பினான். எடுத்துப் போனது: ஒரு சட்டி. போன இடம்..." அவர் நிமிர்ந்தார். "காலியா விட்டிருக்காங்க."

அவள் தாளை நீட்டினாள். அவர் வரிசையைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். தெ, ஹுங், ஷாவ், சீ. எல்லாம் அதே.

"உங்கப்பா பேரு?"

"தெலியாங்."

ஷாவ்குன் விரலை மடக்கி எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, கிழக்கு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க, அத்தை."

லீ கரண்டியைக் கீழே போட்டார்.

"என்ன பெரியப்பா சொல்றீங்க?" என்றான் சீயுவான்.

"தெலியாங்னா எங்க தாத்தா தலைமுறை. எங்கப்பா தலைமுறைடா இவங்க! உனக்குப் பாட்டி முறை!"

"நான் ஒரு வருஷமா சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனது எங்க பாட்டியையா?"

"பாப்கார்ன் வாங்கித்தராத பேரன்" என்றாள் மியென். சிரிக்க ஆரம்பித்தவள் லூ அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப முடிஞ்சுது" என்றாள் லூ அம்மா.

"இன்னும் முடியல" என்றார் ஷாவ்குன். "போன இடத்தை எழுதாத வரைக்கும் ஒரே புத்தகம் ஆகலன்னுதான் அர்த்தம். காலி இடத்தை நிரப்பணும்னா இருக்கறதுலயே மூத்த தலைமுறைதான் நிரப்பணும். அது இப்ப..." அவர் தயங்கினார். "அத்தைதான்."

5

இங்கே ஒரு வாரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ) மியென் ஒன்றும் எழுதவில்லை. கல்யாணம் நடக்கிறது. அவள் அப்பாவிடம், "இல்லப்பா, வேற ஜாங்" என்கிறாள். இதை எழுதியபோது அப்பாவின் முகத்தை என்னால் எழுத முடியவில்—

ஆ) தன் ஊர்ப் பெயரை எழுதுகிறாள். ஏழு தலைமுறைக்கு வீடு கிடைக்கிறது. சீயுவான் தனியே பேருந்து ஏறுகிறான். பத்திரிகைகளுக்கு இந்த மாதிரி முடிவுதான் பிடிக்கும். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

இ) எழுதுகிறாள், கல்யாணமும் செய்துகொள்கிறாள். மூத்தவளாயிற்றே, "மருமகளே, கல்யாணத்துக்கு முதல் ஆளா வந்து நில்லு" என்று லூ அம்மாவுக்கு உத்தரவு போடுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உத்தரவு போட்டு வரவழைத்த மாமியாரோடு நாற்பது வருடம் ஒரே வீட்டில் சோறு சாப்பிட வேண்டியவள் நான் இல்லை.

நடந்தது எதுவென்று மியென் எனக்குச் சொன்னாள். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அந்த இடத்தை நிரப்பும் உரிமை அன்று ஒருத்திக்குத்தான் இருந்தது. நான் ஜாங் இல்லை. நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

6

எழுதுபவர் மண்டபத்துக்குள் முன்னோர் பெயர் எழுதிய பலகைகளுக்கு எதிரே தனியாக உட்கார்ந்துதான் எழுத வேண்டும். யாரும் முழங்கையைப் பிடித்து இழுத்துவிடக்கூடாது என்பதற்காக அப்படியொரு வழக்கம். ஷாவ்குன் புத்தகத்தை இரு கையாலும் ஏந்தி அவளிடம் கொடுத்தார். லீ மைக்கிண்ணம் கொண்டுவந்தார்.

லூ அம்மா பக்கத்தில் வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, எந்த முறை சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் நின்றாள். கடைசியில் மியெனின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த தர்பூசணி விதையை மட்டும் எடுத்துப் போட்டாள்.

"என்ன எழுதப்போற?" என்றான் சீயுவான்.

"பெரியவங்க விஷயத்துல பேரப்பசங்க தலையிடக்கூடாது" என்றாள் மியென். தூரிகையை எடுத்துக்கொண்டாள். படியைத் தாண்டி உள்ளே போனாள்.

ஷாவ்குன் இரட்டைக் கதவைச் சாத்தினார். வெளியிலிருந்து பூட்டினார்.