ஐம்பத்தெட்டுக் கிலோ

லயல் பாஸ்கோ ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வேண்டிய நகைகளையெல்லாம் பூட்டி முடிப்பதற்குள் எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் எழும்பிவிட்டன. அதில் ஒன்றில் குடிவந்த தம்பதி விவாகரத்தும் வாங்கிவிட்டார்கள். பதினாறு மாதம். நான் மிகைப்படுத்தவில்லை. எங்கள் ஊர்க் கேரவன் இழுப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்புகள் என்னிடம்தான் இருக்கின்றன.

அவன் மனைவி நொலீனுக்கு இடது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டதை மருத்துவர் ஏப்ரல் மாதத்தில் சொன்னார். வலது கண்ணுக்கு ஒன்றரை வருஷம், அதிகம் போனால் இரண்டு. நொலீன் அன்றே தன் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லயலிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். பிண்டார் பக்கம் சாலையோரச் சரளையில் பூக்கும் வளையப் பூவை ஒரு தடவை பார்க்க வேண்டும். நடுவில் பச்சையும் விளிம்பில் சிவப்பும் வெளிர்மஞ்சளுமாக, யாரோ கல்லறைக்கு எடுத்துப்போன மலர்வளையம் வழியில் விழுந்துவிட்டதுபோல் தரையில் கிடக்கும் பூ. ஆகஸ்டில் வரும், அக்டோபரில் இருக்காது.

எங்கள் ஊரான மேண்டுராவிலிருந்து பிண்டாருக்கு ஆறு மணி நேரம். நொலீனின் பழைய சின்ன வெள்ளைக் காரில், இரண்டு சாண்ட்விச்சோடு, ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பிவிடலாம். அதை நான் ஒருநாள் லயலிடம் சொன்னேன். நகரசபையின் சாலைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் அவன். வேகத்தடை ஒன்று போடுவதற்கு நாலு அறிக்கை எழுதியவன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"ஒரே ஒரு தடவதான் போகப்போறோம். அத ஒழுங்கா போக வேண்டாமா?"

ஒழுங்கு என்பது மடக்குக் கூடாரம் வைத்த கேம்பர் டிரெய்லர். அதை இழுக்க ஒரு பெரிய எஸ்யூவி. டிரெய்லரை ஒரே வாரத்தில் வாங்கிவிட்டான். சாமான் எல்லாம் ஏற்றினாலும் ஒன்றரை டன் தாண்டாது. எஸ்யூவிதான் சங்கத்தின் முன் வந்தது.

எங்கள் சங்கம் சனிக்கிழமை காலையில் இரும்புக்கடை வாகன நிறுத்தத்தில் கூடும். ரொட்டித் துண்டில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்து யாராவது தர்மத்துக்காக விற்றுக்கொண்டிருப்பார்கள். அதைத் தின்றபடி எடையைப் பற்றிப் பேசுவோம். தலைவர் ராஸ் டங்க்லி முன்பு நீச்சல்குளம் விற்றவர். ஒருமுறை கேரவனை இழுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றி வந்ததிலிருந்து, இந்த நாட்டைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல் நடந்துகொள்வார். மூன்றரை டன் இழுக்காத வண்டியை அவர் வண்டி என்றே சொல்வதில்லை, பொம்மை என்பார். ஆட்டுக்குட்டியைக் கட்ட யானைச் சங்கிலி எதற்கென்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் வண்டியும் மூன்றரை டன் இழுக்கும், இழுத்ததெல்லாம் தோட்டக் குப்பை என்றாலும்.

மூன்று வண்டிகள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. லயல் ஒவ்வொன்றையும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தான். வாடகைக்கு எடுத்து மேட்டில் ஏற்றினான். கொக்கிமேல் எத்தனை கிலோ அமுங்கும், பின்அச்சு எவ்வளவு தாழும் என்று வரைபடம் போட்டான். அந்த ஆகஸ்ட் வந்தது, வளையப் பூ பூத்தது, செய்தித்தாளில் படம் வந்தது. லயல் அப்போது இரண்டாவது வண்டியில் கியர் சூடாவதைப் பற்றி வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அக்டோபரில் பூ போய்விட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அவசரப்பட்டுத் தப்பான வண்டி வாங்கிவிடக் கூடாது என்று சங்கம் ஒருமனதாகக் கருதியது. குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

நொலீனை யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்ஜாரா சாலையில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஐம்பது பிள்ளைகளையும் பன்னிரண்டு டன் இரும்பையும் பனிமூட்டத்தில் திருப்பியவள். ஒரு சனிக்கிழமை, எங்கள் வாக்குவாதம் முடியட்டும் என்று காத்திருந்து, அவள் ஒன்று சொன்னாள்.

"இழுக்குமான்னு அப்புறம் பாருங்க. எறக்கத்துல நிக்குமான்னு மொதல்ல பாருங்க."

ராஸ் புன்னகை செய்து அவளுக்கு ஒரு சாசேஜ் வாங்கிக் கொடுத்தார்.

நான் அவளை வீட்டில் இறக்கிவிட்டபோது, இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். வேலியோரம் நின்று சொன்னாள்: "லயல் வண்டி தேடிட்டு இருக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவனுக்கு ஒரு நெனப்பு. அதக் கெடுப்பானேன்?"

வண்டி மே மாதம் வந்தது. சங்கமே தெருவில் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அலங்காரம். கங்காரு மோதினால் தாங்க முன்னால் இரும்புக் கம்பி. சேற்றில் சிக்கினால் இழுக்க விஞ்ச். மேலே தாங்கி, பின்னால் இழுப்பறைகள், இரண்டாவது பேட்டரி, கூடுதல் டீசல் தொட்டி. பிண்டாருக்குத் தார்ச்சாலை போகிறது, வழியில் பெட்ரோல் பங்கும் இருக்கிறது. விஞ்ச் வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன். லயல் ஒரு பட்டியல் வைத்திருந்தான், முப்பத்துநாலு வரி. ஒவ்வொரு சாமானையும் தராசில் வைத்து எழுதியிருந்தான். கெண்டி எண்ணூற்றுப் பத்து கிராம்.

நீண்ட பயணத்துக்கு முன் எடைமேடை ஏறுவது எங்கள் சங்கத்தின் சடங்கு. ஊருக்கு வெளியே கல்குவாரி வாசலில் இருக்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம், காலை எட்டு மணிக்கு, அங்கிருந்தே நேராகப் பிண்டாருக்குப் போவதாகத் திட்டம். துணைக்கு நானும் என் வண்டியில். வழியனுப்ப ராஸும் இன்னும் ஆறு பேரும் வந்திருந்தார்கள்.

லயல் வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி, டிரெய்லர் சக்கரங்களை வெளியே விட்டு நிறுத்தினான். கணக்காக நின்றது. மேலே பலகையில் ஓர் அடி உயரச் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 3352.

வண்டி, தன் எடையும் சேர்த்து, தாங்கக்கூடியது மூவாயிரத்து முந்நூறு கிலோ.

குவாரியில் எடை பார்க்கும் டீகன் என்ற பெண் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினாள். "அம்பத்திரெண்டு கிலோ அதிகம். இப்படியே ரோட்டுக்குப் போனா காப்பீடு கெடையாது."

லயல் இருக்கையில் இருந்தபடியே பட்டியலை எடுத்தான். தராசு தப்பு என்றான். காற்று அடிக்கிறது என்றான். ராஸ் மேடையைச் சுற்றி வந்து, இந்த மாதிரி மேடைகளை நம்ப முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். நான் பட்டியலை வாங்கிப் படித்தேன். கெண்டி இருந்தது. கோடரி இருந்தது. ஓட்டுநர், தொண்ணூற்றைந்து கிலோ, இருந்தது. முப்பத்துநாலு வரியிலும் நொலீன் இல்லை.

நான் பட்டியலை மடித்தேன். நொலீனே கதவைத் திறந்தாள். பேருந்தில் படி இறங்கிப் பழகிய கால் அவளுக்கு. இறங்கிச் சரளையில் நின்றாள். எண்கள் ஓடின. 3294.

"இப்ப சரி," என்றாள் டீகன். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஓட்டறவர் எறங்கியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

கீழே நின்ற எட்டு ஆண்களும் எங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நொலீன் பலகை இருந்த பக்கம் முகத்தைத் தூக்கினாள். அவளுக்கும் அதற்கும் பத்தடி தூரம்கூட இல்லை.

"இப்ப எவ்வளவு காட்டுது, லயல்?"

லயல் வண்டியிலிருந்து இறங்கி அவள் முன்னால் வந்து நின்றான். அவள் பார்வை அவன் காதுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது.

"எப்பலேருந்து தெரியல?"

"ஜூன் கடைசியிலேருந்து. விஞ்ச் மாட்டின வாரம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னொரு வண்டி பாத்திருப்பே."

லயல் பின்கதவைத் திறந்தான். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவிச் சரளையில் வைத்தான். காப்பி இயந்திரம், கோடரி, கருவிப் பெட்டிகள், சங்கிலிகள், கெண்டி. ஐம்பத்திரண்டு கிலோ போதும் என்று டீகன் சொன்னாள். அவன் நிறுத்தவில்லை. ராஸ் கயிற்றையாவது விட்டுவை என்று ஆரம்பித்தார். லயல் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்தான். பிறகு நொலீனைக் கைபிடித்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறினான். எண் என்ன என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். 3241.

அன்று மாலை பிண்டாருக்கு வெளியே நின்றோம். வெயில் சாய்ந்திருந்தது. சாலையோரத்தில் ஏழெட்டு வளையங்கள், சிவப்பு விளிம்போடு, சரளையில் கிடந்தன. நொலீன் இறங்கி, நாங்கள் காட்டிய இடத்தை நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நேரா பாத்தா நடுவுல சாம்பல்தான் தெரியுது," என்றாள். "வேற எதையாவது பாத்துட்டு இருந்தா ஓரத்துல வரும்."

அப்படி ஊன்றிப் பார்க்கச் சுற்றிலும் ஒன்றும் இல்லை. பார்வை போகும் மட்டும் தட்டை நிலம். அவள் மெல்ல, லயல் வண்டியின் வெள்ளைப் பக்கத்தை நோக்கி முகத்தைத் திருப்பினாள்.

"லயல், வண்டியக் கொஞ்சம் முன்னால எடு."

லயல் ஏறி உட்கார்ந்தான். மூன்றரை டன் இழுக்கும் இஞ்சின் உறுமியது. டிரெய்லரோடு வண்டி நாலடி நகர்ந்தது. போதாது என்றாள். இன்னும் இரண்டடி.

"நிறுத்து. அசையாதே."

அவன் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.