இரண்டாவது அடி

முதல் ஹெட்போனைக் காதில் செருகியதும் நாகவல்லிக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெளியே அம்பத்தூர் ரோட்டில் அலறுகிற பஸ், உள்ளே ஓடுகிற ஏசி, எல்லாவற்றையும் யாரோ துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. மகளின் பிரசவத்துக்கு உதவியாகச் சிங்கப்பூர் போகிறாள், ஐம்பத்தேழு வயதில் முதல் விமானம். தகடு அடிக்கிற பிரஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இடி வாங்கிய காது, விமான இரைச்சலில் மிச்சமும் போய்விடும் என்று மகன் செல்வகுமார்தான், இரைச்சலை அடக்குகிற ஹெட்போன் வாங்கக் கடைக்கு இழுத்து வந்திருந்தான்.

அவன் ஏதோ கேட்டான். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நல்லாத்தான் கீது என்று தலையாட்டப் போனவள் அப்படியே நின்றாள். எங்கோ தூரத்தில், டம். மூச்சு விடுகிற நேரம். மறுபடி, டம்.

கழற்றினாள். ஏசிதான் ஓடிக்கொண்டிருந்தது.

"அது சின்னதும்மா. இத்த போட்டுப் பாருங்க, இன்னும் அடங்கும்" என்று கடைப்பெண் சிம்ரன் இன்னொன்றை நீட்டினாள். சோதித்துப் பார்ப்பதற்காக ஸ்பீக்கரில் விமானச் சத்தத்தையும் ஓடவிட்டாள். கடை முழுக்க ஹோவென்று இரைந்தது. நாகவல்லி மாட்டிக்கொண்டதும் இரைச்சல் சுருங்கியது, அந்த டம் கிட்டே வந்தது. காது முழுவதையும் மூடுகிற மூன்றாவதை மாட்டியபோது விமானமே இல்லை. இடது பக்கம், மூன்றடி தள்ளி, டம். டம். மூன்றடி தள்ளி யாருடைய மிஷின் இருந்தது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

வேம்புலியம்மாளுடையது. பெடலை ஒரு தடவை மிதித்தால் பிரஸ் ஒரு தடவைதான் இறங்க வேண்டும். அன்றைக்கு இறங்கி ஏறியது. அடித்த தகட்டை எடுக்க வேம்புலி கையை விட்டாள். மிதிக்காமலே மறுபடி இறங்கிவிட்டது. நான்கு விரல்கள். விசாரிக்க வந்த அதிகாரியிடம் பக்கத்து மிஷின்காரியான நாகவல்லி, "ஒரு சத்தந்தான் சார் கேட்டுது. கைய வெச்சிக்கினே மிதிச்சிட்டா" என்றாள். சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த வாக்கியம். அடுத்த மாதம் நாகவல்லியை வேலையில் நிரந்தரமாக்கினார்கள். கண்காணாத ஊருக்கு அனுப்பின மாதிரி வேம்புலியை வெளியே அனுப்பினார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பதினோரு வருஷமாக இவளுக்குக் குறுகுறுக்கவே இல்லை. ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. மிஷின், மிக்சி, டிவி, தெருச் சண்டை என்று ஏதாவது ஒன்று இரைந்துகொண்டே இருந்திருக்கிறது. அடியில் அந்த டம் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, பாவி.

"நீ போட்டுப் பார்றா" என்று மகன் தலையில் மாட்டினாள்.

"ஒண்ணியும் கேக்கலம்மா. கப்சிப்."

சிம்ரன் அவள் கையையே பார்த்தாள். "இன்னாம்மா, வந்ததுலேர்ந்து கண்ணாடிய தட்டிக்கினே கீறீங்க? ரெண்டு ரெண்டா?"

நாகவல்லி கண்ணாடி ஷோகேஸ் மேலிருந்த தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அதைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இந்தக் கையால்தானே பேரப்பிள்ளையை வாங்கப்போகிறோம் என்று நினைத்தாள்.

"இத்தயே வாங்கிக்க. வண்டிய பருத்திப்பட்டுக்கு உடு" என்றாள்.

ஏரிக்கரைத் தெருவில் வேம்புலி வீட்டு வாசலில் மகனை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்த வேம்புலியம்மாள் ஆச்சரியப்படவில்லை. ஏதோ நேற்றுத்தான் பார்த்த மாதிரி, "வா நாகு, குந்து" என்றாள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. நாகவல்லி கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பிரித்து நீட்டிவிட்டுக் கையை மறுபடி முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள்.

"இத்த போட்டுப் பாரு."

"இன்னாத்துக்குடி எனுக்கு?" என்றாலும் வேம்புலி இடது கையால் மாட்டிக்கொண்டாள்.

அவள் காது மூடியதும்தான் இவளுக்கு வாய் திறந்தது, கோழை. "ரெண்டு தபா அடிச்சிது வேம்புலி. நான் கேட்டேன். ரெண்டும் கேட்டேன்டி."

வேம்புலி திரும்பவில்லை. கண்ணை மூடி உன்னிப்பாக எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். வலது கையின் அந்த ஒற்றைக் கட்டைவிரல் எழுந்து கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இறங்கியது.

டம்.

அதிர்வு நாகவல்லி உட்கார்ந்திருந்த பக்கம்வரை வந்தது. விரல் திரும்ப எழுந்து அந்தரத்தில் நின்றது. இறங்கவில்லை. வேம்புலி கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தாள்.

மூச்சு விடுகிற நேரம் போனது. முந்தானைக்குள்ளிருந்து நாகவல்லியின் கை வெளியே வந்தது. ஆள்காட்டி விரல் அந்தச் சட்டத்தின் மேல், இரண்டாவது அடியை அடித்தது.