பீபியின் விருப்பம்

ஆடுகளுக்கு மயிர் கத்தரித்து முடித்த அன்று மாலை, கொட்டகையில் விருந்து. ஊரே ஆட்டுக்கறியும் பீருமாய்க் களித்துக்கொண்டிருக்க, பிடில்காரன் அம்ப்ரோசுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துப் பிடில்காரன் கத்பர்ட், பிடிலும் மெட்டுப் புத்தகமுமாக வந்து எதிரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிடில்காரர்கள் சந்தித்தால் ஒருவர் புத்தகத்திலிருந்து ஒருவர் மெட்டுகளைப் பிரதியெடுப்பார்கள். எடுத்த மெட்டுக்குத் தனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்வதும் வழக்கம்தான். அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை. ஆனால் இந்த மகாபுத்திசாலி அம்ப்ரோஸ் என்ன செய்தான்? சந்தையில் யாரோ ஒரு நாடோடி வாசித்த மெட்டை எழுதி, மேலே 'பீபியின் விருப்பம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, தான் ஆசைப்பட்ட பீபியிடமே காட்டி, "உனக்காகவே நான் போட்ட மெட்டு" என்று அளந்துவிட்டான். அவளும் அந்த வாரமே கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். கல்யாணமும் ஆயிற்று. கத்பர்ட்டுக்கு அந்த மெட்டு தெரிந்திருந்து உண்மை வெளிப்பட்டால், அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

வேறு வேறு மெட்டுகளாக வாசித்துத் தள்ளினான். நடுநடுவே கத்பர்ட்டைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், வியர்வையைத் துடைத்தான். பீர்க் கூஜாவோடு வந்த பீபி விடுவதாயில்லை.

"ஏங்க, என் மெட்டை எப்பதான் வாசிப்பீங்க?"

"தந்தி சரியில்ல பீபி."

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு? சும்மா சாக்குச் சொல்லாம வாசிங்க!"

கூட்டமும் சேர்ந்து கத்தியது. தப்பிக்க வழியில்லை, ஆரம்பித்தான். முதல் பாதி முடியுமுன்பே கத்பர்ட் தன் பிடிலை எடுத்துச் சேர்ந்துகொண்டான். ஒரு சுரம் பிசகவில்லை.

"அட, நம்ம 'கிழிசல் காற்சட்டை'! எங்கப்பா காலத்து மெட்டாச்சே!" என்றான் கத்பர்ட்.

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. அம்ப்ரோசின் முகம் வெளுத்ததைக் கண்டதும்தான் கத்பர்ட்டுக்கு உறைத்தது.

"இல்லம்மா பீபி... இது கொஞ்சம் வேற மாதிரிதான்..." என்று இழுத்தான்.

"அதேதான்." அம்ப்ரோஸ் வில்லைக் கீழே வைத்தான். "நான் போட்ட மெட்டு இல்ல பீபி. பொய் சொல்லித்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் புத்தகத்தைத் திறந்து, அவள் பெயரை அடிக்கப் பென்சிலை எடுத்தான். பீபி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் கல்யாணத்துலயே நான் இதுக்கு ஆடியிருக்கேன். எனக்குத் தெரியாதாக்கும்!"

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

"எங்க வீட்டு பைபிள்ல அண்ணன் பிறந்தது எழுதியிருக்கு, தம்பி பிறந்தது எழுதியிருக்கு. நான் பிறந்ததை எழுத எங்கப்பாவுக்குத் தோணவே இல்ல. முதமுதல்ல என் பேரை மையில எழுதினது நீங்கதான்." அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "அதை அடிச்சீங்கன்னா, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

அம்ப்ரோஸ் பென்சிலைக் கீழே போட்டான்.